இரண்டு வெண்மைகள்

பனி என்ற ஒரே சொல்லைக் கொண்டு நாம் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டோம். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. மார்கழி விடியலை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவங்களை நுட்பமாகப் பகுத்த மொழிக்கு, உறைந்த கடலையும் உறைந்த நிலத்தையும் பிரித்துச் சொல்லும் தேவை எழவில்லை. அதில் குறையொன்றுமில்லை. ஆனால் 'துருவப் பனி உருகுகிறது' என்ற வாக்கியம் நாளிதழ்களிலும் கவிதைகளிலும் ஓயாது புழங்கும் இன்று, அந்தச் சொற்சிக்கனம் சிந்தனைச் சிக்கனமாகவும் மாறிவிட்டது. வடக்கே மட்டும் வாழும் பனிக்கரடியையும் தெற்கே வாழும் பென்குவினையும் ஒரே பனிப்பாளத்தின்மேல் நிறுத்தும் கேலிச்சித்திரத்தைப் போன்றதுதான் அவ்வாக்கியமும்.

உண்மையில் இவ்விரு துருவங்களும் ஒன்றுக்கொன்று தலைகீழானவை. வடக்கே இருப்பது நிலம் சூழ்ந்த கடல். தெற்கே இருப்பது கடல் சூழ்ந்த நிலம். ஆர்க்டிக் பெருங்கடல், அண்டார்க்டிகா கண்டம் இரண்டின் பரப்பும் ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர் என்பது வியப்பான ஒற்றுமை. ஒற்றுமை அத்துடன் முடிந்துவிடுகிறது. வட துருவத்தில் நிற்பவரின் காலடியில் இருப்பது சில மீட்டர் தடிப்புள்ள மிதக்கும் பாளம். அதன்கீழ் 4,000 மீட்டருக்கும் மேல் ஆழமான கடல். தென் துருவத்தில் நிற்பவரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். அவ்வுயரத்தின் பெரும்பகுதி பனியே. வடக்கின் குளிரைக் கீழிருக்கும் கடல் ஓரளவு தணிக்கிறது. தெற்கில் அப்படித் தணிப்பார் எவருமில்லை. அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலையில் பதிவான வெப்பநிலை −89.2 பாகை செல்சியஸ்.

இவ்வேறுபாட்டை மனிதர்களின் பயணங்களிலும் காணலாம். 1911 டிசம்பரில் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சென் அங்கே ஒரு கூடாரத்தை விட்டுச்சென்றார். ஒரு மாதத்துக்குப் பின் வந்துசேர்ந்த ஸ்காட்டின் குழுவினருக்கு அது காத்திருந்தது. 1937-இல் பாபானின் தலைமையில் நான்கு சோவியத் ஆய்வாளர்கள் வட துருவத்துக்கு அருகே ஒரு பாளத்தின்மேல் கூடாரமடித்தார்கள். அப்பாளமோ அவர்களைச் சுமந்துகொண்டு தெற்கு நோக்கி மிதந்தது. 274 நாட்களுக்குப் பின், 1938 பிப்ரவரியில், கிரீன்லாந்தின் கிழக்குக் கரையையொட்டிய கடலில் அவர்களை மீட்க வேண்டியதாயிற்று. தெற்கில் துருவம் என்பது சென்று சேரும் இடம். வடக்கிலோ சேர்ந்த கணமே அது காலடியிலிருந்து விலகத் தொடங்கிவிடுகிறது.

உருகுவதன் பொருளும் இரண்டிடத்திலும் ஒன்றல்ல. குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் நீர்மட்டம் உயர்வதில்லை. அதுபோல, வடக்கின் கடற்பனி கரைவதால் நம் கரைகளில் கடல் ஏறிவிடுவதில்லை எனலாம். ஆனால் இன்யூட் மக்களுக்கு உறைந்த கடல்தான் சாலை, அதுவே வேட்டைக்களம். அதன் இழப்பை மனித உரிமை மீறலாகவே முன்வைத்து, ஷீலா வாட்-க்ளூட்டியே 2005-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். பின்னர் அவர் எழுதிய நூலின் தலைப்பே குளிராக இருப்பதற்கான உரிமையைப் பேசுகிறது. வெயிலைக் கொடுமை என்றே அறிந்த நமக்கு, குளிரும் ஓர் உரிமையாக இருக்கக்கூடும் என்பது எளிதில் எட்டாத எண்ணம்.

தெற்கில் பூர்வகுடிகள் இல்லை. 1959-இல் பன்னிரண்டு நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கை, அந்நிலத்தை அமைதிக்கும் ஆய்வுக்கும் உரியதாக்கியது. ஆனால் அங்கே நிலத்தின்மேல் குவிந்திருக்கும் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும். அத்தகைய முழு உருகலுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும் என்பது உண்மைதான். எனினும் கண்டத்தின் மேற்குப் பகுதியில் பாறைத்தளமே கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பதால், வெதுவெதுப்பான கடல்நீர் அடியிலிருந்து அரிக்கிறது. அங்குள்ள த்வெய்ட்ஸ் பனியாறு ஒன்று கரைந்தாலே கடல் அரை மீட்டருக்கும் மேல் உயரும். சுருங்கச் சொன்னால், வடக்கின் கடற்பனி மறைந்தால் முதலில் இழப்பவர்கள் அங்கே வாழ்பவர்கள். தெற்கின் நிலப்பனி கரைந்தால் இழப்பவர்கள் அதைக் கண்ணால் கண்டிராத நம்மைப் போன்ற கடற்கரைவாசிகள்.

கிரீன்லாந்து இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இருப்பது வடக்கில், அமைப்போ தெற்கினுடையது. மூன்று கிலோமீட்டர்வரை தடித்த நிலப்பனி உருகினால் கடல் ஏழு மீட்டர் உயரும். அப்பனியின் ஓரத்தில் ஐம்பத்தாறாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 2019-இல் ஓர் அமெரிக்க அதிபர் அத்தீவை விலைக்கு வாங்க விரும்புவதாகச் சொன்னார். 2025-இல் அப்பேச்சு மீண்டும் எழுந்தது. நிலப்படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஆளற்ற மனை என்ற எண்ணம் எத்தனை ஆழமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் பாகுபாடெல்லாம் புவியியலாளருக்கு உரியது, பொதுவாசகனுக்குக் கவலை இருந்தால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதை இழக்கிறோம், யார் இழக்கிறார்கள் என்றறியாத கவலை வெறும் பெருமூச்சு. கடற்பனி, நிலப்பனி என்று இனியாவது பிரித்து எழுதுவோம். எழுதுகிறவர்கள் செய்யக்கூடிய மிகச்சிறிய காரியம் அது. ஆளற்ற வெண்மையின் படிமம் தெற்குக்கு மட்டுமே உரியது. அதை வடக்கின்மேல் போர்த்தும்போது நாம் மறைப்பது பனியை அல்ல, மனிதர்களை.