தேய்மானமா, தேய்க்கிறார்களா?

போன மாதம் என் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். 2018-ல் 50,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. கடைப் பையன் மூடியைத் திறந்தான், கீழே திருப்பிப் பார்த்தான், மூடினான். "அங்கிள், இதுல விண்டோஸ் 11 ஏறாது. எக்ஸ்சேஞ்சுல 1,500 போட்டுத் தரேன். வெளியில அதுகூட வராது" என்றான்.

முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். வீட்டுக்கு வந்ததும் பேப்பர், பென்சிலோடு உட்கார்ந்தேன். தொழிலுக்கு வாங்கும் கம்ப்யூட்டருக்கு வருமான வரிக் கணக்கில் வருடம் 40 சதவீதம் தேய்மானம். 50,000 முதல் வருட முடிவில் 30,000. பிறகு 18,000, பிறகு 10,800. இப்படியே போனால் ஏழாம் வருட முடிவில் 1,400. அட, பையன் நூறு ரூபாய் கூடத்தான் கொடுத்திருக்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். யோசித்தபோது கோபம் வந்தது.

தேய்மானம் என்றால் என்ன? வாங்கிய செலவை, பொருள் உழைக்கும் வருடங்களுக்குப் பங்கிட்டு எழுதுவது. அவ்வளவுதான். எங்கள் ஆபீஸ் பேரேட்டில் ஒரு டைப்ரைட்டர் ஒரு ரூபாய் மதிப்பில் நின்றது. மேனேஜரின் கடிதம் அத்தனையும் அந்த ஒரு ரூபாய் மெஷினில்தான் அடித்தோம்.

சரி, சந்தை விலை? பஜாஜ் சேத்தக்குக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஓட்டிய வண்டி புது வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. ஏன்? புதுசு கிடைக்கவில்லை. ஆக, விலை சொல்வது சந்தை நிலவரத்தை. பொருளின் உழைப்பை அல்ல.

லேப்டாப் சந்தையில் அந்த நிலவரத்தை உண்டாக்குவது யார்? அக்டோபர் 2021-ல் விண்டோஸ் 11 வந்தது. இன்டெல் பிராசசர் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்குமேல்தான் அனுமதி. என்னுடையது ஏழாம் தலைமுறை. மூன்றே வயதில் தள்ளிவைத்துவிட்டார்கள்! விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டும் 14 அக்டோபர் 2025-ல் முடிந்தது. என் கீபோர்டு தேயவில்லை, திரை மங்கவில்லை. ஒரு அறிவிப்பு வந்தது, விலை விழுந்தது. இது தேய்மானம் அல்ல. தேய்க்கிறார்கள்.

இன்னொரு வேலையும் நடக்கிறது. மெல்லிசாக இருக்கிறதே என்று நாம் மயங்கும் பல மாடல்களில் ராம் மெமரியை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. வாங்கும்போதே அதன் ஆயுளை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

"பழைய விண்டோஸில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்தில்லையா?" என்பீர்கள். ஆபத்துதான், மறுக்கவில்லை. அதற்காக மெஷினையே தூக்கிப் போட வேண்டுமா? தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஏற்றச் சொன்னேன். அது இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வருகிறது. மெயில், யூடியூப், தமிழ் டைப்பிங், பென்ஷன் விவரம் பார்ப்பது எல்லாம் நடக்கிறது. விண்டோஸுக்கென்றே எழுதிய சில புரோகிராம்கள் ஓடாது. எனக்கு அவை தேவையும் இல்லை.

போர்டே போய்விட்டது, பேட்டரி உப்பிவிட்டது என்றால் கதை வேறு. உப்பிய பேட்டரியை வீட்டில் வைத்திருக்காதீர்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் முறையாகச் சேர்த்துவிடுங்கள்.

ஓடுகிற மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். ஃபைலை அழித்தால் மட்டும் போதாது, மீட்டெடுக்க வழி உண்டு. ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், பேரன் பேத்தி போட்டோ எல்லாவற்றையும் சேர்த்தா 1,500-க்கு விற்பது?

58 வயதில் நம்மையும் பேரேட்டிலிருந்து கழித்துவிட்டார்கள். அதற்காக அடுத்த நாளே நமக்குக் கூட்டல் கழித்தல் மறந்துவிட்டதா என்ன? இந்தப் பதிவையும் அந்த 1,400 ரூபாய் லேப்டாப்பில்தான் தட்டியிருக்கிறேன்.