உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் வேண்டும்

‘தூக்கிப் போட நாலு பேர் வேண்டும்’ என்று நம் கரிசல் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த நால்வருக்காகவே உறவைப் பேணுகிறோம்; நல்லது கெட்டதுக்குத் தவறாமல் போய் வருகிறோம். சாவு வீட்டுக்குத் தெருவே திரண்டு வருவது நம்மிடம் உள்ள நல்ல வழக்கம். ஆனால், அதே மனிதர் இறப்பதற்கு முன் 5 ஆண்டுகளோ 10 ஆண்டுகளோ கட்டிலோடு கிடந்தாரே, அப்போது அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் ஒரு வாய்க் கஞ்சி ஊட்டவும் எத்தனை பேர் போனோம்? அந்த வேலை முழுவதையும் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, மற்றவர்கள் கடைசி நாளன்று மாலையோடு வந்து நின்றோம் என்பதே பெரும்பாலும் உண்மை. நாலு பேர் மிகுதியும் வேண்டியிருப்பது உயிரோடு இருக்கும்போதுதான் என்பதே நாம் இங்கே சொல்ல விழையும் கருத்து.

அன்றாடம் பிறர் உதவியை நாடி வாழ்வோர் முதியோர் மட்டும் அல்லர். பக்கவாதத்தால் கைகால் விழுந்தவர், உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், மூளை முடக்குவாதத்துடன் பிறந்த குழந்தை, மனநோயால் வாடுபவர், மறதி நோயால் தம் வீட்டையே அடையாளம் காண இயலாதவர் என அனைவரும் இதில் அடங்குவர். இவர்களுக்குச் செய்யவேண்டியது பெரிய வித்தை அன்று. ஆனால் ஓய்வே இல்லாதது. அசையமுடியாத உடம்பை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். நிமிர்த்தி உட்காரவைக்காமல் ஊட்டினால் புரையேறி, உணவு நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். குளிப்பாட்டுவது, மலசலம் எடுப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் இதற்கு மேல். இரவும் பகலுமாக இவற்றைச் செய்ய ஒருவருடைய இரண்டு கைகள் எப்படிப் போதும்?

நம் கடம்பூரையே எடுத்துக்கொள்வோம். மானாவாரி வெள்ளாமையை நம்பிய பூமி இது. மழை பெய்தால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும்; பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. இளைஞர்களில் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் ரயிலேறிவிட்டார்கள். விடியற்காலையில் அம்மாவும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டால், வீட்டில் மிஞ்சுவோர் கட்டிலில் கிடக்கும் பாட்டியும், படிக்கிற பெண்பிள்ளையுமே. முதலில் அவள் ஒரு நாள் விடுப்பு எடுக்கிறாள். பிறகு வாரம் இரண்டு நாள். அப்புறம் தேர்வுக்கு மட்டும் வருகிறாள். கடைசியில் அதற்கும் வருவதில்லை. ‘எவ்வளவு பொறுப்பான பிள்ளை!’ என்று ஊரார் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி அவள் இழந்த படிப்பைத் திருப்பித் தருமா? அதே வீட்டில் அண்ணன் ஒருவன் இருந்தால் அவனைப் பள்ளியை விட்டு நிறுத்துவோமா? பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் இக்கேள்வியைக் கேட்காமல் வேறெங்கே கேட்பது?

அன்பு என்பது ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நற்செய்தி வேறு விதமாகக் கற்பிக்கிறது. கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரர் ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவந்தவர்கள் நால்வர். கூட்டத்தால் வழி அடைபட்டபோது அவர்கள் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினார்கள். தனி ஒருவரால் அது நடந்திருக்குமா? நல்ல சமாரியர் உவமையிலும் ஒரு செய்தி உண்டு. அடிபட்டவரைச் சாவடியில் சேர்த்த சமாரியர், அங்குள்ள பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். அக்காலத்தில் ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். கருணை காட்டியவர் கூலியையும் கொடுத்தார். மீண்டும் வந்து பார்க்கும் பொறுப்பையும் ஏற்றார். பராமரிப்பு என்பது கூலிக்குரிய உழைப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியுமோ?

புனித ஜான் ஜுகானின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்ஸ் நாட்டில் சேன் செர்வான் என்னும் ஊரில், பார்வையிழந்து பக்கவாதமுற்ற ஏழை மூதாட்டி ஒருவரை அவர் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து தம் கட்டிலையே கொடுத்தார். அவர் அங்கே தனியாக வாழவில்லை. உடனிருந்த தோழியர் இருவரும் சுமையைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஒரு கட்டிலிலிருந்து தோன்றியதே ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை. 1882-இல் கல்கத்தாவில் அச்சபையின் முதல் இந்திய இல்லம் தொடங்கப்பட்டது. 2009-இல் திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர் ஜான் ஜுகானைப் புனிதராக அறிவித்தார்.

தொலைதூரம் போவானேன்? தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவராயிருந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்கு ஊக்கமளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாக, 1981-இல் இச்சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கென அறிவித்த ஆண்டும் அதுவே. தசைச் சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்காளர் திரு. எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். இருவருமே அன்றாடம் பிறர் உதவியோடு வாழ்பவர்கள். அதேவேளை ஆயிரமாயிரம் பேருக்கு உதவியை ஏற்பாடு செய்தவர்கள். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி ஆகியவற்றோடு நில்லாமல், கிராமங்களுக்கு ஊழியர்களை அனுப்பி வீட்டிலேயே பயிற்சியளிப்பது அச்சங்கத்தின் சிறப்பு. திரு. இராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. உதவி கிடைத்தால் கட்டிலில் கிடப்பவரும் ஊருக்குத் தூணாக நிற்கலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

‘அப்படியானால் எல்லாரையும் இல்லத்தில் சேர்த்துவிடலாமே’ என்பார் சிலர். ‘பெற்றவர்களை இல்லத்தில் விடுவதா? பாவம்!’ என்பார் வேறு சிலர். இவ்விரண்டையும் அப்படியே ஏற்க நம்மால் முடியவில்லை. இல்லம் என்றால் எப்படிப்பட்ட இல்லம் என்று கேட்கவேண்டும். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். கொண்டுபோய் விட்டவர்கள் திரும்பிப் பாராத இடங்களில் இத்தகைய கொடுமைகள் வளர்கின்றன. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட ‘தி பேனியன்’ நிறுவனமோ 2015 முதல் இன்னொரு வழியைக் காட்டியிருக்கிறது. நெடுங்காலம் காப்பகங்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்த பெண்கள், சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். உடனிருந்து உதவப் பணியாளர்கள் உண்டு. கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், அக்கம்பக்கத்தாரோடு பேசுகிறார்கள். கூரை ஒன்றுதான், ஆனால் வாழ்க்கை அவரவர் விருப்பப்படி.

வீட்டிலேயே இருக்க விரும்புவோருக்கும் வழியுண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சேவை, பின்னர் மலப்புறம் முதலிய இடங்களில் ஊர்மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. பயிற்சி பெற்ற அண்டை வீட்டார் முறைவைத்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. படுத்த படுக்கையாயிருப்போரின் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சேவையும் அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ‘எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?’ என்று கலங்கும் பெற்றோருக்காக 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் உள்ளது. மனவளர்ச்சி குன்றியோர், மூளை முடக்குவாதமுற்றோர் முதலியோருக்கு, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழுவின் வழியாகச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க அது இடமளிக்கிறது. முதியோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஏட்டில் உள்ள இவையெல்லாம் வீட்டுக்கு வந்து சேரவேண்டுமானால், மனு எழுதித் தரவும் உடன் போகவும் ஆள் வேண்டும். அதுவும் நால்வரில் ஒருவரின் வேலையே.

அப்படியானால் நம் ஊரில் நாம் செய்யக்கூடியது யாது? முதலாவது, பகல் பராமரிப்புக்கென ஓர் அறை. காலையில் அம்மா வேலைக்குப் போகும்போது கொண்டுவந்து விட்டு, மாலையில் அழைத்துச் செல்லும் இடம். பெரிய கட்டடம் தேவையில்லை. சாய்தள வழியும், பிடிமானம் வைத்த கழிப்பறையும், நான்கு கட்டில்களும், பயிற்சி பெற்ற இரண்டு பெண்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். அப்பெண்களுக்கு முறையான சம்பளம் தரவேண்டும். சேவை என்ற பெயரால் அவர்களது கூலியைக் குறைக்கலாகாது. இரண்டாவது, அன்பியங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் முறைவைத்து வீடுகளுக்குப் போய்வரட்டும். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதேனும் பராமரிப்பவர் உறங்கவும் கோயிலுக்குப் போகவும் முடியவேண்டும். மூன்றாவது, சக்கர நாற்காலி செல்லப் பாதை. மழைக்குச் சேறாகி ஒட்டிக்கொள்ளும் கரிசல் மண்ணில் எந்தச் சக்கரம் உருளும்? வாசலிலிருந்து தெருவரை ஒரு சிமெண்டுத் தடம் போட்டால், ஆண்டுக்கணக்காக வெளியே வராதவர் திருவிழாச் சப்பரத்தைக் காணலாம்.

நான்காவது நம் பள்ளிக்குரியது. வகுப்பில் ஒருத்தி அடிக்கடி வராமல் போனால், காரணம் கேட்காமல் கண்டிப்பதை விடுத்து, அவள் வீட்டுக் கட்டிலில் யார் இருக்கிறார் என்று விசாரிப்போம். அவளுக்குப் பாடக்குறிப்பு எழுதித் தருவது தோழியர் கடமை; அவளுக்குப் பதில் பாட்டியிடம் உட்கார ஆள் தேடுவது பெரியோர் கடமை. பெற்றோருக்கும் பணிவோடு ஒன்று கூறுவோம்: மகன்களுக்கும் கஞ்சி ஊட்டக் கற்றுக்கொடுங்கள்.

எது செய்தாலும் முதலில் உதவி பெறுபவரைக் கேட்டே செய்யவேண்டும். கண்ணிழந்த பர்த்திமேயுவைக் கண்டவுடன், அவருக்கு என்ன குறை என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? எனினும், தாம் என்ன செய்யவேண்டும் என்று அவரிடமே கேட்டார். எப்போது குளிக்க விருப்பம், சன்னல் பக்கம் தலைவைக்கவேண்டுமா, யார் வந்து உதவினால் கூச்சமில்லை என்று கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை. படுத்துவிட்டதனால் மனிதருடைய விருப்பங்கள் படுத்துவிடுவதில்லை.

இவ்வாண்டு முடிவதற்குள் நம் தெருவில் கட்டிலோடு இருக்கும் ஒருவரின் வீட்டு வாசலை மிதிப்போம். தனியே போகவேண்டாம், நாலு பேராகப் போவோம். அங்கே வாடி நிற்கும் பிள்ளையின் கையில் பாடப்புத்தகத்தைக் கொடுத்து, கஞ்சிக் கிண்ணத்தை நாம் வாங்கிக்கொள்வோமாக! இறையருள் நமக்குத் துணை நிற்பதாக!