ஒரு ஓட்டை வெச்சிருக்கக் கூடாதா?

2015-ல நான் இன்ஜினியரிங் சேர்ந்தப்போ அப்பா சீட்டு எடுத்து ஒரு ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தார். 23 இன்ச். தனியா டப்பா கிடையாது, எல்லாமே ஸ்க்ரீனுக்குப் பின்னாடி. அதுதான் வேணும்னு கடையிலேயே அடம்பிடிச்சது அடியேன்தான். இப்போ அது ஆன் ஆகறதுக்குள்ள அம்மா காபியே போட்டு முடிச்சிடறாங்க. ஆனா ஸ்க்ரீன் மட்டும் அன்னிக்குப் பார்த்த மாதிரியே பளிச்.

ஆபீஸ்ல குடுத்த லேப்டாப் 14 இன்ச். வாரத்துல மூணு நாள் வீட்லருந்து வேலை. கழுத்து வலி. பக்கத்துலயே நல்ல ஸ்க்ரீன் சும்மா இருக்கே, ரெண்டையும் சேர்த்துடலாம்னு எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினேன். ஒண்ணும் வரலை. அரை மணி நேரம் செட்டிங்ஸை நோண்டின பிறகுதான் உறைச்சது: ரெண்டு பக்கமும் இருக்கறது படத்தை வெளியே அனுப்பற போர்ட்! ரெண்டு குழாயை ஒரு ட்யூப்ல இணைச்சா தண்ணி எங்கே போகும்? (படிச்சது இன்ஜினியரிங்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க :-))

தனி மானிட்டர் உள்ள டெஸ்க்டாப்பா இருந்தா பிரச்சனையே இல்லை. மானிட்டர் கேபிளைக் கழட்டி லேப்டாப்ல சொருகினா முடிஞ்சது. டப்பா பாட்டுக்கு ஓரமா தூங்கும்.

சரின்னு வைஃபை வழியா முயற்சி பண்ணேன். விண்டோஸ் 10-ல 2016 அப்டேட்லருந்தே இந்த வசதி உண்டு. 2020-க்கு அப்புறம் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே'ன்னு தனியா சேர்த்துக்கணும். லேப்டாப்ல விண்டோஸ் கீயோட கே அழுத்தினா போதும், எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம். (ஆபீஸ் லேப்டாப்ல நமக்கு அந்த உரிமையும் கிடையாது.)

படம் வந்துச்சு. ஆனா மவுஸ் அம்பு யோசிச்சு யோசிச்சுத்தான் நகருது. கணக்கு போட்டுப் பாருங்க. 1920-க்கு 1080 புள்ளி, ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், நொடிக்கு 60 தடவை. கிட்டத்தட்ட 300 கோடி பிட். கிகாபிட் கேபிளே நொடிக்கு 100 கோடிதான் தாங்கும். அதனால இங்கே சுருக்கி, அங்கே அந்தப் பழைய ப்ராசசர் விரிச்சு... டாகுமெண்ட் படிக்க ஓகே. கோட் அடிக்க? சான்ஸே இல்லை. அதோட விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட்டும் முடிஞ்சது. வெறும் ஸ்க்ரீனுக்காக அதை நெட்வொர்க்குல வெச்சிருக்கவும் பயமா இருக்கு.

என் கோபமே இங்கேதான். கம்ப்யூட்டர் கிழவனாகும், ஸ்க்ரீன் ஆகாது. ரெண்டையும் ஒண்ணா ஒட்டி விக்கறவங்க, உள்ளே படம் வர ஒரு ஓட்டை வெச்சா என்ன குறைஞ்சிடும்? சில ஆல்-இன்-ஒன்ல எச்டிஎம்ஐ-இன் இருக்கத்தான் செய்யுது. ஆப்பிளே 2009 கடைசியில வந்த 27 இன்ச் ஐமேக்ல இதைக் குடுத்தாங்க. 'டார்கெட் டிஸ்ப்ளே மோட்'னு பேரு. 2014 கடைசியில 5கே ஸ்க்ரீன் வந்தப்போ எடுத்துட்டாங்க. அன்னிக்கு இருந்த கேபிள் ஒண்ணுல அவ்வளவு புள்ளியை 60 தடவை அனுப்ப முடியாது, அது நியாயம். ஆனா வேகமான தண்டர்போல்ட் 3, 2017 ஐமேக்ல வந்தப்புறமும் திருப்பிக் குடுக்கலையே? 2021-ல ஏர்ப்ளே மூலமா வைஃபையில அனுப்பலாம்னாங்க. கேபிள்ல நேரா படம் வாங்கற அந்தப் பழைய சொகுசு மட்டும் வரவே இல்லை.

வாங்கப் போறவங்க டப்பாவும் மானிட்டரும் தனித்தனியா வாங்குங்க. ஆல்-இன்-ஒன்தான் வேணும்னா, எச்டிஎம்ஐ பக்கத்துல 'இன்'னு போட்டிருக்கான்னு குனிஞ்சு பார்த்துட்டுக் காசைக் குடுங்க.

எக்ஸ்சேஞ்சுல 1,500 ரூபாய்ங்கறாங்க. அப்பா எத்தனை மாசம் சீட்டு கட்டினார்னு எனக்குத் தெரியும். குடுக்க மனசு வரலை. பின்பக்கத்தைக் கழட்டி, உள்ளே இருக்கற பேனல் நம்பரைக் குறிச்சு வெச்சிருக்கேன். அதுக்குப் பொருந்தற கன்ட்ரோலர் போர்டு கிடைச்சா அது வெறும் மானிட்டரா மாறிடும். சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். ஸ்க்ரூ எல்லாம் ஒரு டம்ளர்ல இருக்கு. "எல்லாம் சரியா எண்ணி வெச்சியாடா?"ன்னு அப்பா ரெண்டு தடவை கேட்டுட்டார்.