உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஸ்கேன்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வாய் வறட்சி, கண் உறுத்தல், அடிக்கடி வீங்கும் கன்னம் என்று வருபவருக்கு ஷோக்ரென் நோய் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டால், முதல் வேலையாக காதுக்கு முன்னும் தாடைக்கு அடியிலும் உள்ள நான்கு பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் அல்ட்ராசவுண்டு எடுத்துவிட வேண்டும். ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்து நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது. முதல் பாதியை ஏற்றுக்கொள்ளும் பலர் இரண்டாம் பாதியை மறந்துவிடுவதால் விரிவாகவே எழுதுகிறோம்.

உடலின் எதிர்ப்பு அணுக்களே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளுக்குள் புகுந்து அவற்றை அழிக்கும் ஆட்டோ இம்யூன் நோய்தான் ஷோக்ரென். ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் 1933இல் விரிவாக எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் பெண்களுக்கு, அதிலும் நடுத்தர வயதில் வருகிறது. நம் ஊர்ப் பெண்கள் “வாய் காய்கிறது” என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவதில்லை. மூட்டு வலி என்றும் அசதி என்றும்தான் போகிறார்கள். சிலர் பொட்டாசியம் குறைந்து, விடிகாலையில் கைகால் அசைக்க முடியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதும் உண்டு. சிறுநீரகத்தை நோய் தொட்டதன் அடையாளம் அது. சாதம் இறங்குவதற்கு நாலு வாய்க்கு ஒரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறதா என்று யாராவது கேட்டால்தான் உண்மை வெளியே வரும். கன்னம் வீங்கினாலோ, பொன்னுக்கு வீங்கி என்று வேப்பிலையோடு ஒரு வாரம் ஓடிவிடும். அடுத்த முறை வீங்கும்போது ஆன்டிபயாடிக். மூன்றாம் முறைக்குப் பிறகுதான், பொன்னுக்கு வீங்கி ஒருவருக்கு இத்தனை தடவையா வரும் என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்விக்கான கருவி நம் ஜி.எஸ்.டி. சாலையின் ஸ்கேன் மையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. தைராய்டு பார்க்க வைத்திருக்கும் அதே அதிஅதிர்வெண் புரோப் இதற்கும் போதும். வெறும் வயிற்றோடு வர வேண்டாம், ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கம்மலைக் கழற்றச் சொல்வார்கள். காதுக்கு முன் பரோடிட் சுரப்பி இருக்கும் இடத்திலும் தாடைக்கு அடியிலும் ஜெல்லியைத் தடவி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான சுரப்பி தைராய்டைப் போலவே வெளிறிய, சீரான பரப்பாகத் தெரியும். ஷோக்ரென் முற்றிய சுரப்பியில் அந்தப் பரப்பு முழுக்கக் கரும்புள்ளிகளும் அவற்றுக்கிடையே வெண்கீற்றுகளுமாக இருக்கும். ஒரு முறை பார்த்தவருக்கு மறக்காது.

கருவி இருந்தும் குறை எங்கே என்றால், ரிப்போர்ட்டில். ‘இரு பரோடிட் சுரப்பிகளும் சற்றுப் பெரிதாக, சீரற்று உள்ளன, அழற்சியாக இருக்கலாம்’ என்ற ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு ருமடாலஜி மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாது. ஒமெராக்ட் என்ற பன்னாட்டுக் குழு 2019இல் எளிமையான தர வரிசை ஒன்றை வெளியிட்டது. சீரான சுரப்பிக்கு 0. கரும்புள்ளி இல்லாமல் லேசாகச் சீர்கெட்டிருந்தால் 1. ஆங்காங்கே கரும்புள்ளிகள் இருந்தால் 2. சுரப்பி முழுவதும் பரவியிருந்தாலோ, தழும்பேறிப் போயிருந்தாலோ 3. நான்கு சுரப்பிகளுக்கும் தனித்தனியாக இந்த எண்ணையும், அசல் படங்களையும் தர வேண்டும் என்று ஸ்கேன் மையங்களைக் கேட்டுக்கொள்கிறோம். தாம்பரத்தில் ரயிலேறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் ருமடாலஜி பிரிவில் வரிசையில் நிற்பவருக்கு முதல் நாளே இந்தத் தாள் கையில் இருந்தால், ஸ்கேனுக்கென்று இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

இனி எச்சரிக்கை. தாம்பரத்தில் இருந்துகொண்டு இதை அழுத்திச் சொல்லாமல் விட முடியாது. 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கி, 1937இல் அரசின் கைக்கு வந்த சானடோரியம் மருத்துவமனை, பின்னாளில் நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றானது. எச்.ஐ.வி. தொற்றிலும் பரோடிட் சுரப்பி வீங்கும். ஸ்கேனில் கரும்புள்ளிகள் தெரியும். ஹெபடைடிஸ் சி, சார்காய்டோசிஸ், ஐ.ஜி.ஜி.4 நோய் ஆகியவையும் இதே வேடம் போடக்கூடியவை. குழந்தைகளுக்கு அடிக்கடி வந்து போகும் பரோடிட் அழற்சியும் அப்படியே. ஆகவே படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை இல்லாமல் ஷோக்ரென் என்று எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை. கூச்சத்துக்காக அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கும் மருத்துவர் நோயாளிக்கு நன்மை செய்வதாக நினைத்துக் கெடுதலே செய்கிறார். மறுபுறம், நோயின் தொடக்கத்தில் ஸ்கேன் இயல்பாகவே இருக்கலாம். “ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று அனுப்புவதும் தவறு.

வாய் வறட்சியை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் முடியாது. நம் வட்டாரத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது; அதிலும் வாய் உலரும், கன்னச் சுரப்பி கொழுப்பேறிப் பருக்கும். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கு வாங்கும் அலர்ஜி மாத்திரை ஆகியவையும் உமிழ்நீரைக் குறைக்கும்.

இப்போது நடைமுறையில் இருக்கும் 2016ஆம் ஆண்டின் அமெரிக்க, ஐரோப்பிய வரையறையில் ஸ்கேனுக்கு இடமில்லை. ஆன்டி ரோ என்ற ஆன்டிபாடிக்கான ரத்தப் பரிசோதனைக்கு 3 மதிப்பெண், உதட்டுச் சுரப்பி பயாப்சிக்கு 3. கண்ணுக்கான இரண்டு சோதனைகளுக்கும் உமிழ்நீர் அளவுக்கும் தலா 1. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரென் என வகைப்படுத்தலாம். ஸ்கேனையும் சேர்த்தால் வரையறையின் துல்லியம் குறைவதில்லை என்று நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு 2020இல் காட்டியது. சேர்க்க வேண்டும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்றைக்கு ஆன்டிபாடியும் பயாப்சியும் இல்லாமல் ஒருவர் 3ஐத் தாண்ட முடியாது. ஸ்கேனுக்கு 1 கொடுத்தால், அந்த இரண்டும் இல்லாமலேயே 4ஐ எட்டிவிடலாம். சர்க்கரையும் மாத்திரையும் வாயை உலர்த்தும் ஊரில் இது ஆபத்தான வழி. ஆன்டி ரோ இல்லாதவருக்கு உதட்டு பயாப்சி தொடர்ந்து தேவை என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். பயாப்சியால் சிலருக்கு உதட்டின் ஒரு பகுதி மரத்துப்போவது உண்மைதான். அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு கருவியும் 1994ஆம் ஆண்டின் கருவில் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். கருவியை இங்கும் அங்கும் எடுத்துச் செல்லவும் கட்டுப்பாடு உண்டு. ருமடாலஜி மருத்துவர்கள் மூட்டையும் சுரப்பியையும் தங்கள் அறையிலேயே பார்க்க இது தடை என்று சிலர் சட்டத்தைத் தளர்த்தக் கேட்கிறார்கள். நாங்கள் கேட்கவில்லை. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாநிலம் இது. அந்தச் சட்டம் வந்த காரணம் இங்கே யாருக்கும் தெரியாததல்ல. பதிவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடாமல் செங்கல்பட்டு மாவட்ட அதிகாரிகள் விரைந்து முடிக்கட்டும், அது போதும். ஒவ்வொரு மருத்துவரும் சொந்தக் கருவி வைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ரேடியாலஜி மருத்துவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தர எண் எழுதப் பழகிக்கொள்வது அவர்களுக்குப் பெரிய வேலை அல்ல.

நோய் உறுதியானவர்களுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை ஸ்கேன்? குறித்த கணக்கு எதுவும் வைக்க நாங்கள் விரும்பவில்லை. மாத்திரை வேலை செய்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்பதில் பயன் குறைவு. தழும்பேறிய சுரப்பியின் படம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆனால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் கெட்டியாக வீங்கி வாரக்கணக்கில் வடியாமல் இருந்தாலோ, எடை குறைந்து காய்ச்சல் வந்தாலோ அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்நோயாளிகளுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அது அதிகம் தேடிப்போகும் இடமும் பரோடிட்தான். சந்தேகமான கட்டி தெரிந்தால், அதே ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி பயாப்சி எடுக்கலாம்.

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் உமிழ்நீர்ச் சுரப்பி ஸ்கேனைச் சேர்ப்பதை எதிர்க்கிறோம். அறிகுறி இல்லாதவரின் சுரப்பியில் தரம் 1 தெரிந்தால் அதற்கு யாரும் எந்த வைத்தியமும் செய்யப்போவதில்லை; அவர் அடுத்த ஆறு மாதத்தை ரத்தப் பரிசோதனைக்கூடங்களில் கழிப்பார், அவ்வளவுதான்.