பொம்மைக்குப் போடும் ஊசி

பதினைந்து வருஷமாக மனிதர்களுக்கு ஊசி போட்ட கை, ஒருநாள் ரப்பர் பொம்மைக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. தன்னைவிடப் பத்து வயது இளைய ஆசிரியர் கையில் ஒரு பட்டியலோடு பக்கத்தில் நிற்பார். கை கழுவியாயிற்றா, பொம்மையின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டாயிற்றா, இன்ன மருந்து என்று அதனிடம் சொல்லியாயிற்றா? ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் எல்.பி.என். வேலையில் பல காலம் இருந்துவிட்டு, ஆர்.என். ஆவதற்காக வகுப்புக்குத் திரும்புகிறவர்கள் பலரும் இப்படி ஒரு பொம்மையின் முன்னால் நின்றவர்கள்தான்.

எல்.பி.என். என்பது லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ். கலிஃபோர்னியாவிலும் டெக்சாசிலும் எல்.வி.என். என்பார்கள். சுமார் ஒரு வருஷப் படிப்பு, தனித் தேர்வு, தனி லைசென்ஸ். ஆர்.என். என்பது ரெஜிஸ்டர்டு நர்ஸ். பொதுவாக இரண்டு வருஷ அசோசியேட் பட்டமோ நான்கு வருஷ இளங்கலையோ வேண்டும். நம் ஊரில் துணைச் செவிலியரான ஏ.என்.எம்.முக்கும் முழுச் செவிலியரான ஜி.என்.எம்.முக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஆனால் ஏ.என்.எம். கிராமத்துக்குப் போனவர்; எல்.பி.என். முதியோர் இல்லத்துக்குப் போனவர். சம்பளத்தில் இடைவெளி எவ்வளவு என்றால், 2023-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி எல்.பி.என்.களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 59,730 டாலர், ஆர்.என்.களுக்கு 86,070.

இந்த இரண்டு படிகளும் நோயாளியின் தேவையைப் பார்த்து வகுக்கப்பட்டவை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நூற்று முப்பது வருஷக் கதையைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் பஞ்சம் வந்தபோதெல்லாம் வாசலைத் திறந்தார்கள். பஞ்சம் தணிந்ததும், உள்ளே வந்தவர்களிடம் காகிதம் கேட்டார்கள்.

1892-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற கிறிஸ்தவப் பெண்கள் சங்கம் பெண்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கியது. அடுத்த வருஷம் பாலர்டு பள்ளி வந்தது. மூன்று மாதப் பயிற்சி. படுக்கை மாற்றுவது, உடம்பு துடைப்பது, கஞ்சி காய்ச்சுவது, குழந்தையையும் கிழவரையும் பார்த்துக்கொள்வது. மருத்துவமனைப் பள்ளியில் பயின்ற நர்ஸை வீட்டுக்கு அழைத்துக் கூலி கொடுக்க முடியாத குடும்பங்கள் ஏராளம். வேலை தேடி நகரத்துக்கு வந்த பெண்களும் ஏராளம். இரண்டுக்கும் நடுவில் பிறந்தவர் பிராக்டிகல் நர்ஸ். அந்தப் பெயரிலேயே ஒரு குத்தல் உண்டு. இவருக்குக் கைவேலை தெரியும், பாடம் தெரியாது என்பதுதான் அதன் பொருள்.

அதே காலத்தில் பாடம் படித்தவர்கள் தங்கள் பெயரைக் காத்துக்கொள்ளச் சட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1903-இல் வட கரோலினா முதல் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜீனியா. அந்தச் சட்டங்கள் காத்தது பட்டத்தை மட்டும்தான். யார் வேண்டுமானாலும் நோயாளியைக் கவனிக்கலாம். பெயருக்குப் பின்னால் ஆர்.என். என்று போட்டுக்கொள்ளத்தான் முடியாது. வேலைக்கே லைசென்ஸ் வேண்டும் என்று 1938-இல் முதலில் சொன்னது நியூயார்க். இரண்டு வகை நர்ஸ்களையும் அந்தச் சட்டமே எழுதி வைத்தது. எழுதிய மையின் ஈரம் காய்வதற்குள் போர் வந்துவிட்டது. ஆள் கிடைக்காத நேரத்தில் லைசென்ஸ் கேட்க யாருக்கு மனம் வரும்? சட்டம் முழுதாக அமலுக்கு வந்தது 1949-இல்.

போர் நடத்திய பாடம் பெரியது. 1943-இல் போல்டன் சட்டத்தால் கேடட் நர்ஸ் படை உருவானது. படிப்பு இலவசம், சீருடை இலவசம், கைச்செலவுக்குப் பணம். 36 மாதப் படிப்பை 30 மாதமாகச் சுருக்கினார்கள். இனம் பார்த்து விலக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் படித்து முடித்தார்கள். அப்படியும் போதாமல், 1945 ஜனவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நர்ஸ்களைக் கட்டாயமாகப் படைக்குச் சேர்க்கச் சட்டம் கேட்டார். காசும் மனமும் இருந்தால் ஒரு நாடு எத்தனை வேகத்தில் நர்ஸ்களை உருவாக்கும் என்பதற்கு அந்தச் சில ஆண்டுகள் சாட்சி. போர் முடிந்ததும் படையைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் 1946-இன் ஹில்-பர்ட்டன் சட்டம் ஊர் ஊராக மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தது. கட்டில்கள் பெருகின; பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்போதுதான் பிராக்டிகல் நர்ஸ் பள்ளிகள் பெருகின. 1955-க்குள் எல்லா மாநிலங்களும் அவர்களுக்கு லைசென்ஸ் சட்டம் இயற்றிவிட்டன.

எந்தப் பெண் எந்தப் படியில் நின்றார் என்பதும் தற்செயல் இல்லை. பல நர்சிங் பள்ளிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்க மறுத்த காலம் அது. மேரி எலைசா மஹோனி 1879-இலேயே பயிற்சி முடித்து வழிகாட்டியிருந்தும், அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் கறுப்பின நர்ஸ்களுக்குத் தன் கதவைத் திறந்தது 1948-இல்தான். ஒரு வருஷப் படிப்பின் வாசலோ அவர்களுக்கு ஓரளவு திறந்திருந்தது. ஆகவே அங்கே சேர்ந்தார்கள். பிற்காலத்தில் நியூயார்க்கில், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த பெண்கள் பலரும் அதே வாசலில்தான் நுழைந்தார்கள். பிறகு அவர்களைப் பார்த்து, மேலே ஏறாமல் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்பது எளிது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மில்ட்ரெட் மாண்டாக். நியூயார்க்கின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்தவர். 1951-இல் வந்த அவருடைய புத்தகம் ஒரு புதிய ஆளைக் கற்பனை செய்தது: பட்டதாரி நர்ஸுக்கும் பிராக்டிகல் நர்ஸுக்கும் நடுவில் ஒரு நர்சிங் டெக்னீஷியன். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்தால் போதும். 1952-இல் சோதனை தொடங்கியது. அதில் ஏழு ஜூனியர் காலேஜ்கள் இருந்தன. மாண்டாக் இந்தப் படிப்பை முற்றுப்புள்ளியாகத்தான் நினைத்தார். அதற்கு மேல் போவதற்கான படியாக நினைக்கவில்லை. நடந்தது வேறு. இரண்டு வருஷம் படித்தவர்கள் மற்றவர்கள் எழுதிய அதே லைசென்ஸ் தேர்வை எழுதி, தேறி, ஆர்.என். என்று போட்டுக்கொண்டார்கள். டெக்னீஷியன் என்ற பெயர் புத்தகத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், பிள்ளை குட்டிகளோடு இருக்கிற நாற்பது வயதுக்காரியும் போகக்கூடிய ஒரு வகுப்பறை தற்செயலாகக் கிடைத்துவிட்டது. இன்றைக்கு எல்.பி.என். ஒருவர் மேலே ஏறுகிறார் என்றால், பெரும்பாலும் மாண்டாக் போட்ட அந்த முற்றுப்புள்ளியின் மேல்தான் கால் வைக்கிறார்.

1965-இல் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. தொழில்முறை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் இளங்கலை. பிராக்டிகல் நர்ஸ் படிப்புகளின் இடத்தில் இரண்டு வருஷப் படிப்பு வர வேண்டும். அன்றைக்கு வார்டில் இருந்த பிராக்டிகல் நர்ஸ்களிடம், உங்கள் இனமே இல்லாமல் போக வேண்டும் என்று சொன்னதற்குச் சமம் அது. வடக்கு டகோட்டா மட்டும் 1987-இல் அதைச் செய்து பார்த்தது, 2003-இல் கைவிட்டது. கைவிட்டதற்கு ஆள் பஞ்சமும் ஒரு காரணம் என்று சொன்னால் வாசகர் ஆச்சரியப்பட மாட்டார்.

ஏற வழி செய்து கொடுத்தவர்களில் தொழிற்சங்கத்தைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. நியூயார்க்கின் 1199 சங்கம், மருத்துவமனையில் தரை துடைத்தவர்களையும் சோறு பரிமாறியவர்களையும் திரட்டிய சங்கம். 1969 ஒப்பந்தத்தில் கூலி உயர்வோடு பயிற்சி நிதி ஒன்றையும் முதலாளிகளிடம் வாங்கியது. வேலை செய்துகொண்டே படிக்கிறவருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய கஷ்டம் நேரம். படிக்கப் போகும் மணி நேரத்துக்கு வீட்டு வாடகையை யார் கட்டுவது? அந்தக் கேள்வியைக் கூலிப் பேச்சுக்குக் கொண்டுவந்ததைப் பெரிய காரியம் என்பேன். கல்வியாளர்களின் அறிக்கைகள் எத்தனையோ வந்தன. எனக்குத் தெரிந்து இவ்வளவு நேராக விஷயத்துக்கு வந்தவை குறைவு.

கலிஃபோர்னியா இன்னொரு வழி வைத்திருக்கிறது. எல்.வி.என். ஒருவர் 30 யூனிட் படித்தால் ஆர்.என். தேர்வு எழுதலாம். பட்டம் கிடையாது. அந்த லைசென்ஸை மற்ற மாநிலங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் அதே ஆள், அதே அனுபவம், ஆனால் ஆர்.என். இல்லை. திறமையைப் பற்றிய விவகாரம்தான் இது என்று சாதிக்கிறவர்கள் இந்த ஒரு விதிக்கு விளக்கம் சொல்லட்டும்.

அதற்காக வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பின்னிரவு இரண்டு மணிக்கு ஒரு முதியோர் இல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் மாத்திரை வாங்கும்போது ஏதாவது கேலி பேசும் தாத்தா இன்றைக்குப் பேசவில்லை. எல்.பி.என். விளக்கைப் போட்டு முகத்தைப் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், நெற்றியைத் தொடுகிறார். ஏதோ சரியில்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. சட்டத்தின் மொழியில் அவர் செய்தது "தகவல் திரட்டல்". அதையே ஆர்.என். செய்தால் "மதிப்பீடு". கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மூச்சு ஏன் வேகமாகிறது, சிறுநீர் ஏன் குறைந்தது, மூன்று மாத்திரைகளில் எது இதைச் செய்திருக்கும் என்று பின்னோக்கி யோசிப்பது ஒரு வருஷப் படிப்பில் வருவதில்லை. திரும்பப் போய்ப் படித்தவர்கள் பலர் சொல்வது இதைத்தான்: செய்துகொண்டிருந்த காரியங்களுக்கெல்லாம் காரணம் அப்போதுதான் கிடைத்தது. ஆகவே படிப்பின் மேல் எனக்குப் புகார் இல்லை. அது கேட்கும் விலையில்தான் புகார். பழைய உடற்கூறியல் பாடம் ஐந்து வருஷமோ ஏழு வருஷமோ தாண்டிவிட்டால் செல்லாது என்று சொல்லும் காலேஜ்கள் பல. மனித உடம்பில் அதற்குள் எந்த எலும்பு இடம் மாறியதோ தெரியவில்லை. வார்டுப் பயிற்சி வார நாட்களில். ஆகவே சனி, ஞாயிறு இரட்டை ஷிப்ட். பதினைந்து வருஷ அனுபவத்துக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பாடங்களின் விலக்கு.

1980-களிலும் 90-களிலும் பல மருத்துவமனைகள் வார்டில் ஆர்.என். மட்டும் போதும் என்று முடிவு செய்து எல்.பி.என்.களை வெளியே அனுப்பின. அவர்கள் முதியோர் இல்லங்களுக்குப் போனார்கள். அங்கே 1987-இன் மத்தியச் சட்டம் கேட்டது நாளைக்கு எட்டு மணி நேரம் ஆர்.என். ஒருவர். மீதி பதினாறு மணி நேரத்துக்கு லைசென்ஸ் உள்ள எந்த நர்ஸும் போதும். மேலே ஏறியவர்களுக்கும் படி நின்றபாடில்லை. 2010-இல் ஒரு தேசியக் குழு, பத்து வருஷத்தில் ஆர்.என்.களில் 80 சதவீதம் பேர் இளங்கலைப் பட்டதாரிகளாக வேண்டும் என்றது. 2017-இல் நியூயார்க், புதிய ஆர்.என்.கள் பத்து வருஷத்துக்குள் அந்தப் பட்டம் வாங்க வேண்டும் என்று சட்டமே போட்டது.

கடைசியில் என்கிளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு. அனுபவசாலிகள் அதில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. என்கிளெக்ஸ் கேள்விகளுக்குள் மட்டும் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஆள் குறைவே இல்லை, எல்லாக் கருவியும் வேலை செய்யும். வருஷக்கணக்காக நிஜ வார்டில் இருந்தவர், சனிக்கிழமை இரவு தான் என்ன செய்வாரோ அதைக் குறித்துவிட்டு மார்க்கை இழப்பார். அதனால் வகுப்பில் மாதிரிக் கேள்விகளைப் பழக்குகிறார்கள். அவற்றில் அடிக்கடி வரும் ஒரு வகை: நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள், இவர்களில் யாரை எல்.பி.என்.னிடம் ஒப்படைப்பீர்கள்? ஒருவர் இப்போதுதான் அறுவை முடிந்து வந்தவர். ஒருவருக்கு ரத்தம் ஏற்றத் தொடங்க வேண்டும். ஒருவர் புதிதாக இன்சுலின் போடக் கற்றுக்கொண்டு இன்று வீட்டுக்குப் போகிறவர். நான்காமவருக்குக் காலில் பழைய புண், கட்டு மாற்ற வேண்டும், உடல்நிலை சீராக இருக்கிறது.

பின் வரிசையில் இருக்கும் எல்.பி.என். நான்கைக் குறிக்கிறார். விடை சரி. மணி ஒன்பது ஆகிறது. நோட்டை மூடிவிட்டு இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறார். விடியும்வரை அந்த மாடியில் நர்ஸ் என்று இருக்கப்போவது அவர் ஒருவர்தான்.