லாங் பஜாரில் அந்தக் கயிறு எதற்கு?

வேலூர் லாங் பஜாருக்கு நீங்கள் ஒருமுறையாவது வந்திருப்பீர்கள். வராதவர்கள் உங்கள் ஊர்க் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கடை, கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டிய தார்ப்பாய், நடுவில் தள்ளுவண்டி, ஆட்டோ, மூட்டை சுமக்கிறவர்கள், கைக்குழந்தையோடு சாமான் வாங்க வந்த பெண்கள். மாலை நேரத்தில் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாமல் நடக்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் பெட்டிக்கடைகளைப் பாருங்கள். ஓரமாக ஒரு கயிறு தொங்கும். நுனியில் எப்போதும் கங்கு. சிகரெட்டோ பீடியோ வாங்குகிறவர் அதை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டு அங்கேயே நின்று ஊதுவார். நமக்கு அந்தக் கயிறு இடுப்பு உயரம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது முகத்துக்கு நேர்!

அப்படி ஒரு பிள்ளையைத்தான் ஒரு தாய் என்னிடம் அழைத்து வந்தார். மூன்று மாதமாக இருமல், ராத்திரியில் இரைப்பு. "எங்க வீட்டுல யாரும் சிகரெட்டைத் தொட்டதில்லை டாக்டர். இவனுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். விசாரித்தேன். அவர்களுக்குப் பஜாரில் சின்னக் கடை. ஸ்கூல் விட்டதும் பையன் கடை வாசலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். பக்கத்தில் பெட்டிக்கடை.

புகைதான் ஒரே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தூசி உண்டு, ஆட்டோ புகை உண்டு, பரம்பரையும் உண்டு. ஆனால் இரைப்பு உள்ள குழந்தைக்கு சிகரெட் புகை ஆகாது என்பதில் சித்த வைத்தியருக்கும் அலோபதி டாக்டருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

டீக்கடைப் பஞ்சாயத்து

"பஜார் முழுக்கப் புகைக்கத் தடை போட்டால் என்ன?" என்று ஒருநாள் டீக்கடையில் பேச்செடுத்தேன். அவ்வளவுதான், நாலாபக்கமும் கிளம்பிவிட்டார்கள்!

மண்டி வைத்திருக்கும் பாய் சொன்னார்: "யாபாரம் படுத்துடும் டாக்டர்." ஒரு இளைஞர்: "என் காசு, என் நுரையீரல், உங்களுக்கென்ன சார்?" ரிடையர்டு வாத்தியார் ஒருவர்: "சட்டம் போட்டுப் பழக்கத்தை மாத்த முடியுமா?" இன்னொருவர் என்னையே மடக்கினார்: "உங்க வைத்தியத்திலேயே புகை இருக்கே!"

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். உண்மைதான். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் புகையும் ஒன்று. ஆனால் அது நோயாளிக்கு, வைத்தியர் பார்த்து, அளவோடு கொடுப்பது. இரைப்புக்கு ஊமத்தை இலைப் புகை என்று கேள்விப்பட்டு, யாரும் வீட்டில் செய்து பார்த்துவிடாதீர்கள்; ஊமத்தை விஷம். மருந்துப் புகையைக் காட்டி சிகரெட்டுக்கு நியாயம் தேடுவது சரியல்ல.

"என் நுரையீரல்" என்ற தம்பிக்கு ஒரு பதில்தான். உன் நுரையீரலோடு அது நிற்பதில்லையே தம்பி! புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் 70 வரை புற்றுநோய் தரக்கூடியவை. தான் புகைக்காமல் பிறர் விட்ட புகையாலேயே உலகத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

வெட்டவெளியில் புகை சீக்கிரம் கலையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே தார்ப்பாய், இரண்டு பக்கமும் சுவர், ஓரடியில் ஆள் நிற்கிற இடத்துக்கு வெட்டவெளி என்று பேர் வைக்கலாமா?

பாயின் பயத்துக்கும் வருகிறேன். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் புகைப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 11 பேர். மீதி 89 பேர்? அரிசியும் பருப்பும் வாங்குவது பெரும்பாலும் அவர்கள்தானே!

சட்டம் என்ன சொல்கிறது?

கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே பொது இடத்தில் புகைப்பது அடுத்தவரின் வாழும் உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2001-ல் நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. 2003-ல் மத்திய அரசின் புகையிலைச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இறுகின. ஓட்டல், சினிமா தியேட்டர், ஆபீஸ், தொழிற்சாலை, பஸ் ஸ்டாண்ட் எங்கும் புகைக்கக்கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அந்த இடங்களில் சாம்பல் கிண்ணமோ, தீப்பெட்டியோ, லைட்டரோ வைத்துக் கொடுக்கவும் கூடாது.

ஆனால் கடைத்தெரு என்ற சொல் அதில் நேராக இல்லை. அங்கேதான் வழக்கே. ஆகையால் பஜாரைப் பஜார்க்காரர்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"பழக்கத்தை மாத்த முடியுமா?" என்ற வாத்தியாருக்கு ஞாபகப்படுத்தினேன். முன்பெல்லாம் பஸ்ஸில் பின் சீட்டு முழுக்கப் பீடிப் புகையாக இருக்கும். இன்று பஸ்ஸுக்குள் பற்ற வைத்தால் பக்கத்து சீட்டுக்காரரே சும்மா விடமாட்டார். மாறியிருக்கிறோமே!

அமெரிக்காவில் ஹெலினா என்று ஒரு சின்ன ஊர். 2002 ஜூனில் கட்டடங்களுக்குள் புகைக்கத் தடை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, கோர்ட்டுக்குப் போய், டிசம்பரில் தடை நின்றுபோனது. அந்த ஆறு மாதத்தில் மாரடைப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 24 பேர். மற்ற ஆண்டுகளில் அதே மாதங்களில் சராசரி 40. தடை போனதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. சின்ன ஊர், சின்ன எண்ணிக்கை. பெரிய ஊர்களில் பிறகு எடுத்த கணக்குகளில் இறக்கம் இதைவிடக் குறைவுதான். என்றாலும் பெரும்பாலானவற்றில் இறக்கம் இருந்தது.

முறத்தை மடியில் வைத்தவர்கள்

இத்தனையும் கேட்டுவிட்டு, அதுவரை பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு வார்த்தை சொன்னார். "எங்கம்மா பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க டாக்டர்."

எனக்குப் பேச்சு வரவில்லை. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டுகிறார்கள்! ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் ஊதுவதில்லை. ஆனாலும் அந்தத் தூள் மூக்கிலும் தோலிலும் ஏறுகிறது. தலைச்சுற்றல், இருமல், கழுத்து வலி, முதுகு வலி என்று அவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

பஜாரில் ஊதாதே என்பது பீடி விற்காதே என்பதல்ல. நாளைக்கே யார் கஞ்சியிலும் மண் விழாது. ஆனால் புகைப்பவர் குறையக் குறைய வேலையும் குறையும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. அவர்களுக்கு மாற்றுத் தொழிலை இப்போதே அரசாங்கம் யோசிக்க வேண்டும். அந்தப் பெண்களின் பிள்ளைகளும் இதே பஜாரில்தான் நடக்கிறார்கள்.

இன்னொன்று. அபராதத்தில் ஆரம்பித்தால் மாட்டுவது மூட்டை தூக்குகிறவர்தான். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊதுகிறவர் மாட்டமாட்டார். அதனால் போலீஸை வைத்துத் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. வியாபாரிகளே கூடி, கயிற்றையும் லைட்டரையும் எடுத்துவிட்டு, கூட்டம் இல்லாத ஒரு மூலையைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கட்டும். நாலு இடத்தில் போர்டு வைக்கட்டும்.

புகைப்பவர் நம் எதிரி இல்லை. நானே கல்லூரி நாட்களில் ஊதியவன்தான். பயிற்சிக் காலத்தில் நாடி பார்க்க ஒரு பாட்டியின் கையைப் பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தம்பி, கையெல்லாம் பீடி நாத்தம்" என்றார். வெட்கத்தில் விட ஆரம்பித்தேன்; முழுசாக விட ஒரு வருஷம் ஆனது. விட நினைக்கிறவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் யோசனை கேட்கலாம். ஆடாதோடைக் கஷாயம் இருமலைத் தணிக்கும். ஆனால் ஊதிக்கொண்டே குடித்தால் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

அந்தப் பையனின் அம்மாவிடம், உட்காரும் இடத்தை மாற்றச் சொன்னேன். "கடையை எங்க டாக்டர் மாத்துறது?" என்றார். நியாயமான கேள்வி. கடையை மாற்ற முடியாது, கயிற்றை மாற்றலாமே!

அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது, சண்டை போடாமல், சிரித்த முகத்தோடு கேளுங்கள்: "அண்ணே, பிள்ளைங்க போற இடம், அந்தக் கயிற்றைக் கொஞ்சம் அணைச்சு வைங்களேன்." ஒருவர் கேட்டால் முறைப்பார். பத்துப் பேர் கேட்டால் அணைத்துவிடுவார்.