பெயர் போடுறது சம்பளமில்லை

"காசு தர ஏலாது தம்பி, ஆனா படத்துக்குக் கீழ உங்கட பெயரைப் போடுறம்." சுயாதீனமாகப் படமெடுத்துப் பிழைக்கிற எல்லாரும் இதைக் கேட்டிருப்பினம். ஹோட்டல்காரரும் சொல்லுவார், புடவைக்கடைக்காரரும் சொல்லுவார், உழைப்பாளர் உரிமை பற்றிக் கருத்தரங்கு வைக்கிற நிறுவனமும் சொல்லும். அவையில எனக்குக் கோபம் இருக்கு. அதைவிடப் பெரிய கோபம், இதுக்குத் தலையாட்டுற பிள்ளையளை உருவாக்கி அனுப்புற எங்கட புகைப்பட வகுப்புகளில.

முதலில் சட்டத்தைப் பாருங்கோ. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, படைப்பைப் பகிரங்கமாகப் பயன்படுத்தும்போது இயன்றளவு ஆக்கியோனின் பெயர் குறிப்பிடப்படவேண்டும். பொருளாதார உரிமை கைமாறினாலும் இந்த உரிமை அவரிடமே இருக்கும். அதாவது, ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமான ஒன்றை உங்களுக்கே கூலியாகத் தருகினம்.

அடுத்தது இன்னும் கசப்பானது. "நான் எடுத்த படம் எனக்குத்தான் சொந்தம்" என்று கனபேர் நம்பியிருக்கினம். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு வேறு சொல்லுது: ஒருவர் கேட்டு நீங்கள் செய்து கொடுத்த வேலையென்றால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து, பொருளாதார உரிமை வேலையைக் கேட்டவருக்கே. வாய்ப்பேச்சில் முடித்த வேலையின் படம் நாளைக்கு விளம்பரப் பலகையில் ஏறினாலும் நீங்கள் காசு கேக்கிறது கஷ்டம்.

இதை எந்த வகுப்பில் சொல்லித் தருகினம்? அப்பேர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, அந்திநேர வெளிச்சம், லைட்ரூம். கடைசி நாள் சான்றிதழும் குழுப்படமும். கொட்டேசன் எழுதவோ, முற்பணம் கேட்கவோ, ஒரு வேலையை மறுக்கவோ ஒருதரும் பழக்கிறதில்லை. சில ஆசிரியர்கள் இன்னும் ஒருபடி மேல: தாங்கள் பிடிச்ச கலியாணவீட்டுக்கு மாணவரைக் கூட்டிக்கொண்டுபோய் விடியத்தொடங்கி இரவுவரை எடுக்கவிட்டு, அதுக்குப் 'பயிற்சி' என்று பெயர் வைக்கினம். ஓசி வேலையின் முதல் பாடம் அங்கதான் நடக்குது.

கணக்கும் சொல்லித் தரவேணும். 150,000 தடவைக்கு மதிப்பிடப்பட்ட ஷட்டர் உள்ள கமராவில் ஒரு கலியாணத்துக்கு 2,500 படம் எடுத்தால், 60 கலியாணத்தோட அந்த ஷட்டரின்ர மதிப்பிட்ட ஆயுள் முடிஞ்சுது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது, இறக்குமதியாகிற கமராவும் லென்ஸும் என்ன விலைக்குப் போனதென்று வாங்கினவைக்குத் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணமில்லை. வீட்டு வாடகை அந்த மாதங்களிலும் வரும். ஒருநாள் படப்பிடிப்புக்குப் பின்னால் படம் தெரியவும் திருத்தவும் எத்தனை நாள் போகுது? "கிளிக் பண்றதுக்கு இவ்வளவோ?" என்று கேக்கிறவைக்கு இந்தக் கணக்கைக் காட்டத் தெரிஞ்சிருக்கவேணும்.

"அப்ப புதுசா வாறவை எப்பிடிப் பழகிறது?" என்று கேட்பீங்கள். நல்ல கேள்வி. சந்தையில எடுங்கோ, கோயில் திருவிழாவில எடுங்கோ, சிநேகிதரை இருத்திவைத்து எடுங்கோ. உண்மையிலேயே விருப்பமான ஒரு காரியத்துக்கு இலவசமாகச் செய்யிறதும் நல்லதுதான். அப்பவும் முழு விலையைப் பில்லில் எழுதி, கீழே கழிவைக் காட்டிக் கொடுங்கோ. ஆனால் உங்கட படத்தை வைத்து ஒருவர் புடவை விக்கிறாரென்றால் அது வியாபாரம். அங்க நீங்கள் ஓசியாகச் செய்தால், அதே ஊரில் இந்தத் தொழிலை நம்பியிருக்கிற இன்னொருவரின்ர அடுப்பில தண்ணி ஊத்திறீங்கள்.

நானும் வகுப்பு எடுக்கிற ஆள்தான். மற்ற ஆசிரியர்களிடம் கேட்கிறது இவ்வளவுதான்: கமராவைக் கையில குடுக்க முதல் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதப் பழக்குங்கோ. எத்தனை படம், எங்க பாவிப்பினம், எவ்வளவு காலத்துக்கு, முற்பணம் எவ்வளவு, உரிமை ஆருக்கு என்று அதில இருக்கட்டும். மாணவரை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கூலி குடுங்கோ. அதைச் செய்யாத ஆசிரியருக்கு, ஹோட்டல்காரர் காசு தரேல்லையென்று முகநூலில் அழ என்ன உரிமை இருக்கு?